சிறப்புத் தேவையுள்ள மழலையரோடு வேலை செய்ய: எதைப் படிப்பது, எப்படிப் பழகுவது

"ஆறே மாதத்தில் சிறப்பாசிரியர்" என்று முச்சந்தியில் தட்டி கட்டியிருப்பார்கள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் ஏமாறுவது அங்கேதான். குழந்தை உளவியல் டிப்ளமா, ஆட்டிசம் சான்றிதழ் என்று பல பெயர்களில் விற்கும் குறுகியகாலப் படிப்புகள் பலவற்றுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் கிடையாது. துறையில் எல்லாரும் அதை ஆர்.சி.ஐ. என்பார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு வருமோ வராதோ, வேலை வராது. மையங்களில் நேர்முகத்துக்குப் போனால் மதிப்பெண்ணைவிட முந்திக் கேட்பது பதிவு எண்ணைத்தான்.

எந்தப் படிப்பு

பிறந்தது முதல் 6 வயது வரையிலான குழந்தைகளோடுதான் வேலை என்று முடிவாகிவிட்டால், நேரடியாகப் பொருந்துவது மழலையர் சிறப்புக் கல்வி டிப்ளமா. ஓராண்டுப் படிப்பு, பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். அடுத்தது சிறப்புக் கல்வியில் டி.எட்., இரண்டாண்டு; அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, செவித்திறன், பார்வைத்திறன் என்று பிரிவு பிரிவாக இருக்கும். இதன் பாடத்திட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பக்கம் சாய்ந்தது. பட்டம் முடித்தவர்களுக்குச் சிறப்புக் கல்வி பி.எட். சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொலைநிலையில் நடத்துகிறது. கோவையில் அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம் ஆகியவை சிறப்புக் கல்விக்குப் பெயர் பெற்றவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான நிப்மெட், பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே 2005இல் தொடங்கியது. டிப்ளமா முதல் மேற்படிப்பு வரை அங்கே உண்டு, எல்லா வகைக் குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம்.

எங்கள் கருத்து இது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வைக்கும், அரசுப் பள்ளிகளின் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் வேலை பார்க்க ஆசை என்றால் டி.எட். அல்லது பி.எட். எடுங்கள், மழலையர் டிப்ளமாவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைவது கடினம். தொண்டு நிறுவனங்களின் ஆரம்பநிலைப் பயிற்சி மையம்தான் குறி என்றால் மழலையர் டிப்ளமாவே கைகொடுக்கும். சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கும் இந்த மையங்களில் இடம் உண்டு. ஆனால் குடும்பத்தோடு பேசுவது, உதவித்தொகை, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று அவர்களின் வேலை வேறு. குழந்தைக்குப் பயிற்சித் திட்டம் போடுவது அவர்கள் கையில் இருக்காது. பிசியோ, ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்கான சிகிச்சைப் பயிற்சி), ஸ்பீச் மூன்றும் தனித்தனிப் பட்டப்படிப்புகள், நான்கு ஆண்டுக்குக் குறையாது. "எல்லா தெரபியும் நானே செய்வேன்" என்று சொல்லும் ஒற்றைச் சான்றிதழ்க்காரரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

சேரும் முன்

ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடினால் மட்டும் போதாது. அனுமதி கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதில்லை. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட இடங்களுக்குத்தான். டி.எட்.டுக்கு அனுமதி இருக்கும், மழலையர் டிப்ளமாவுக்குப் போன வருடமே முடிந்திருக்கும். எனவே பார்க்க வேண்டியது மூன்று: படிப்பின் முழுப் பெயர், நீங்கள் சேரும் கல்வியாண்டு, இடங்களின் எண்ணிக்கை. டிப்ளமா சேர்க்கை தேசிய அளவில் இணையவழியாக நடப்பது. அதற்கு முன்பே ரொக்கம் வாங்கிக்கொண்டு "சீட் போட்டாச்சு" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, வேலைநாளில் காலை 10 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள்? அம்மாக்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்களா, வராந்தாவில் காத்திருக்கிறார்களா? அம்மாவை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் மையத்தில் படித்தால் பாதித் தொழிலைக் கற்காமலே வெளியே வருவீர்கள். வாரத்தில் மையத்தில் கழிவது இரண்டு மூன்று மணி நேரம், மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தானே இருக்கிறது.

முதலில் அங்கன்வாடி

வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தால் ஊர் அங்கன்வாடியில் அனுமதி கேட்டு உட்காருங்கள். எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், எந்த வயதில் மூடியைத் திறக்கிறார்கள், எப்போது விரல் நீட்டிக் காட்டுகிறார்கள் என்பது கண்ணில் பதியாதவருக்குத் தாமதம் கண்ணில் படாது. பாடப்புத்தகத்து வளர்ச்சி அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் நேரில் தடுமாறுவது இதனால்தான்.

ஒரு குழந்தைக்கு 15 நிமிடம். நோட்டு, பேனா, கைக்கடிகாரம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். "அடம் பிடிக்கிறாள்" என்பது உங்கள் தீர்ப்பு. "பந்தை வாங்கியதும் 40 விநாடி அழுதாள், இரண்டு முறை தரையில் அடித்தாள், பந்து கைக்கு வந்ததும் நிறுத்தினாள்" என்பதுதான் பதிவு. முதலாவதை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. இரண்டாவதில் அழுகை எதற்காக என்பதும், அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதும் இருக்கிறது: அழாமல் கை நீட்டிக் கேட்க.

வயதைக் கணக்கிடுவது, சோதிப்பது

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை வயதில். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை திருத்திய வயதைத்தான் எடுக்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இப்போது 8 மாதம் என்றால், 40 வாரத்துக்குக் குறைந்த 8 வாரத்தைக் கழித்து ஏறக்குறைய 6 மாதம் என்று கணக்கிடுங்கள். இதை விட்டுவிட்டால் நன்றாக வளரும் குழந்தையை 'தாமதம்' என்று எழுதிவிட்டு, அந்த வீட்டில் ஒரு மாதம் யாரும் தூங்காதபடி செய்துவிடுவீர்கள்.

இரண்டு வயது வரை முதற்கட்டமாகச் சோதிக்க, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணை கைக்கு எளிது. 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பட்டையின் இடது முனை 3 சதவீதக் குழந்தைகள் அதைச் செய்யும் வயது, வலது முனை 97 சதவீதத்தினர் செய்யும் வயது. குழந்தையின் வயதில் ஸ்கேல் வைத்து மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போடுங்கள். எந்தப் பட்டை முழுவதும் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறதோ, அதைக் குழந்தை செய்யவில்லை என்றால்தான் தாமதம். கோடு பட்டையின் நடுவே போனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். அவசரத்தில் பலர் அதையும் 'இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள்.

ஆட்டிசம் ஐயத்துக்குப் பெற்றோர் பதில் சொல்லும் எம்-சாட்-ஆர் கேள்வித்தாள், 16 முதல் 30 மாதம் வரை, 20 கேள்விகள். பெரும்பாலான கேள்விகளில் 'இல்லை' என்ற பதில்தான் ஐயத்துக்குரியது. 2, 5, 12 மூன்றில் மட்டும் 'ஆம்'. இந்த மூன்றை மறந்தால் கூட்டுத்தொகையே தப்பாகிவிடும். 0 முதல் 2 வரை ஐயம் குறைவு; 3 முதல் 7 வரை தொடர் கேள்விகள் கேட்டுத் தெளிவாக்க வேண்டும்; 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மருத்துவரிடம். எந்த எண் வந்தாலும் "உங்க பிள்ளைக்கு ஆட்டிசம்" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. நோயறிதல் உங்கள் வேலை இல்லை. "பேச்சிலயும் கண் பார்த்துச் சிரிக்கிறதிலயும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கும்மா, டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

காத்திருக்கவே கூடாதவை சில உண்டு. 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலும் வந்த பேச்சோ செயலோ மறைந்துவிட்டது. "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று பாட்டி சொல்வார். பாட்டியோடு வாதாட வேண்டாம். "சரி பாட்டி, காது மட்டும் ஒருமுறை டெஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் வீடு ஒத்துக்கொள்ளும். பேச்சுத் தாமதம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது காதுதான். செவித்திறனுக்கு 1-3-6 என்று ஒரு கணக்கு உண்டு: 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும்.

விரிவான மதிப்பீட்டுக்கு இங்கேயே பிறந்த கருவிகள் இருக்கின்றன. சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன், இரண்டு வயது வரை: உடலியக்கம், தன்வேலை, மொழி, அறிவு, சமூகப் பழக்கம் என்று 5 பகுதிகள், ஒவ்வொன்றிலும் 50 திறன்கள். எம்.டி.பி.எஸ். எனப்படும் மெட்ராஸ் முறை 18 பகுதிகள், தலா 20 என்று 360 திறன்கள். அறிவுசார் குறைபாட்டுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனத்தின் எஃப்.ஏ.சி.பி. பள்ளி மட்டத்துக்கு. மூன்றையும் ஒரே குழந்தைக்குப் போட்டுத் தாளை நிரப்பாதீர்கள். ஒன்று போதும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள்.

ஒரு இலக்கு, ஒரு கரண்டி

செய்முறைப் பயிற்சியில் முதலில் கைக்கு வரும் வேலை பெரும்பாலும் சாப்பாடுதான். "ராஜா தானே சாப்பிடுவான்" என்று இலக்கு எழுதுவார்கள். இது ஆசை, இலக்கு இல்லை. இப்படி எழுதுங்கள்: "தட்டில் கெட்டித் தயிர்சாதம் வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்தால், ராஜா 10 வாயில் 8 வாய் சிந்தாமல் தானே வாய்க்குக் கொண்டுபோவான், தொடர்ந்து 3 நாள்." என்ன நிலையில், என்ன செய்வான், எவ்வளவு, எத்தனை நாள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன.

தொடங்கும் முன் உட்காரும் விதம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் முழுதும் எதிலாவது படிந்திருக்க வேண்டும். நாற்காலி உயரமாக இருந்தால் காலடியில் பலகையோ துணி சுற்றிய செங்கல்லோ வையுங்கள். கால் தொங்கும் குழந்தை விழாமல் இருப்பதிலேயே கவனத்தைச் செலவிடும். கை கரண்டிக்கு வராது. "கையில பிடிப்பு இல்ல" என்று எழுதப்பட்ட எத்தனையோ குழந்தைகளுக்கு உண்மையான பிரச்சினை காலடியில்தான். உடம்பு சாய்ந்து போகும் குழந்தையை இரண்டு சுவர் சேரும் மூலையில், பக்கவாட்டில் தலையணை கொடுத்து உட்கார வைக்கலாம்.

கரண்டி குட்டைக் கைப்பிடியாக இருக்கட்டும். பிடி மெலிந்திருந்தால் பழைய சைக்கிள் ட்யூபைக் கழுவிக் காயவைத்துச் சுற்றுங்கள், கட்டைவிரல் பருமன் வரும் வரை. தட்டின் அடியில் ஈரத்துணி, வழுக்காது. விளிம்பு நிமிர்ந்த கிண்ணம் தட்டையான தட்டைவிட நல்லது. சோறு விளிம்பில் முட்டிக் கரண்டிக்குள் ஏறும். ரசம் சாதத்தில் தொடங்கவே கூடாது. ஒட்டுகிற சாப்பாடாக இருக்க வேண்டும்: தயிர்சாதம், கேழ்வரகுக் களி, மசித்த இட்லி.

செயலைப் பிரியுங்கள்: கரண்டியைப் பிடிப்பது, கிண்ணத்துக்குக் கொண்டுபோவது, அள்ளுவது, தூக்குவது, வாயருகே கொண்டுவருவது, வாயில் வைப்பது, திரும்பக் கிண்ணத்தில் வைப்பது. குழந்தையின் பின்னால் உட்கார்ந்து உங்கள் கையை அவன் கைமேல் வைத்து எல்லாவற்றையும் சேர்ந்தே செய்யுங்கள். வாய்க்கு ஒரு அங்குலம் இருக்கும்போது கையை எடுத்துவிடுங்கள். கடைசி அங்குலத்தை அவன் முடிப்பான், சோறு உடனே வாய்க்குள். பரிசு தனியாக வேண்டாம். அது பழகி நிலைத்தபின் வாயருகே கொண்டுவரும் படியில் கையை விடுங்கள், பிறகு அதற்கு முந்தியது. கடைசியிலிருந்து முன்னே வருவதால் ஒவ்வொரு முறையும் வெற்றியில்தான் முடிகிறது. முன்னால் உட்கார்ந்து ஊட்டுகிற திசையிலிருந்து கையைப் பிடித்தால் இயக்கமே தலைகீழாகப் பழகிவிடும்.

எங்கே கெடுகிறது? உதவியைக் குறைக்காமல் இருப்பதில். முழங்கையைத் தொட்டாலே போதும் என்ற நிலைக்கு வந்த பிறகும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால், குழந்தை உங்கள் கைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். எனவே தினமும் குறிப்பு. 10 கட்டம் போட்ட ஒரு வரி. கை பிடித்தால் 'கை', தொட்டால் 'தொ', சொன்னால் 'சொ', தானே செய்தால் 'தா'. ஒரு வாரமாக எல்லாம் 'கை' என்றே இருந்தால் படி பெரிதாக இருக்கிறது, இன்னும் உடையுங்கள். அடுத்த இரண்டு வாரத்திலும் நகரவில்லை என்றால் இலக்கையே மாற்றுங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ஒரு எச்சரிக்கை. தலையை அண்ணாக்க வைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் இறங்கும். முகவாய் சற்றே கீழே தாழ்ந்திருக்கட்டும், கரண்டி கண்மட்டத்துக்குக் கீழிருந்து வரட்டும், மேல்பல்லில் வழித்து ஊட்டாதீர்கள். சாப்பிடும்போது இருமல், விழுங்கியபின் குரலில் நீர் கோத்த கரகரப்பு, அடிக்கடி சளிக்காய்ச்சல் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடமும் அனுப்புங்கள். இதில் துணிச்சல் காட்டக் கூடாது.

வீட்டுக்குப் போகும்போது

"குழந்தைக்கு என்னவெல்லாம் வரல?" என்று தொடங்கினால் அம்மா அழுவார், நேரம் முடிந்துவிடும். "காலைல எழுந்ததும் என்ன செய்வான்மா?" என்று ஆரம்பித்து, பல் துலக்கல், குளியல், சாப்பாடு, தூக்கம் என்று நாளை வரிசையாகக் கேளுங்கள். எந்த நேரம் அம்மாவுக்குப் பெரும்பாடாக இருக்கிறதோ அங்கே முதல் இலக்கு. குளிக்கும்போது பேச்சு, துணி மடிக்கும்போது நிறம் என்று இருக்கிற வேலைக்குள்ளேயே பயிற்சியைச் செருக வேண்டும். "தினம் 45 நிமிடம் உட்கார்ந்து செய்யுங்கள்" என்று சொல்லும் திட்டம் மாமியார், மாடு, இன்னொரு கைக்குழந்தை உள்ள வீட்டில் இரண்டாம் நாளே நின்றுவிடும். ஒரு வாரத்துக்கு இரண்டு செயல், அதற்குமேல் தராதீர்கள். அம்மா உங்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டிய பிறகே கிளம்புங்கள். தலையாட்டுவதை வைத்துப் புரிந்ததாக எண்ண வேண்டாம்.

பையில் பெரிய சாமான் தேவையில்லை: ஒரு அங்குல மரக்கட்டைகள் 10, கிலுகிலுப்பை, சிவப்பு உல்லன் பந்து, கைக்கண்ணாடி, டார்ச், மூடியுள்ள இரண்டு எவர்சில்வர் டப்பா, துணிப் பொம்மை. மூன்று வயதுக்கு உட்பட்டவர் கையில் புளியங்கொட்டை, சோழி, மணி எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். விலை உயர்ந்த பொம்மைகளைக் கொண்டுபோனால் நீங்கள் கிளம்பியதும் அந்த வீட்டில் பயிற்சியும் கிளம்பிவிடும்.

காகித வேலையும் படிப்பில் சேர்த்திதான். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதக் குறைபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது எப்படி, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை என்னென்ன செலவு கிடைக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு யார் தகுதி என்பவை உங்கள் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகங்களில் ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச், சிறப்பாசிரியர் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். உங்கள் மாவட்டத்தில் அது எந்தக் கட்டடம், எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்பதை நேரில் போய்க் குறித்து வையுங்கள். பேருந்து மாறி மாறி வந்த அம்மாவை மருத்துவர் இல்லாத நாளில் அனுப்பினால், அடுத்தமுறை அவர் வரமாட்டார்.

தேர்வு முடிந்ததும்

மதிப்பெண் பட்டியலும் சான்றிதழும் கைக்கு வந்தவுடன் ஆர்.சி.ஐ. பதிவுக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், டிப்ளமா எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று படிக்கும்போதே சரிபார்த்துத் திருத்திக்கொள்வது நல்லது. விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் திரும்பித் திரும்பி வருவது பெரும்பாலும் இனிஷியலால்தான். பதிவு நிரந்தரமானது இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு 100 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். நான்கரை ஆண்டு சும்மா இருந்துவிட்டுக் கடைசி ஆறு மாதத்தில் கருத்தரங்கு தேடி ஓடுபவர்கள் நிறைய. வருடத்துக்கு 20 புள்ளி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சிச் சான்றையும் அன்றைக்கே ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் போட்டுவிடுங்கள்.